ஆனந்தராசாவை எதிர்த்த மூன்று பேர்

சலூனில் முடி வெட்டுகிறவரைவிட, முடி வெட்டக் காத்திருக்கிறவர்கள்தான் கூடக் கதைப்பார்கள். அதிலும் ஓர்ஸ் ஹில் சலூனில் காத்திருக்கிற பலருக்கு வெட்டுவதற்கு முடியே கிடையாது. பேப்பர் பார்க்க வருவார்கள், காற்றாடிக்குக் கீழே இருக்க வருவார்கள். அங்கே கேட்ட கதைக்காக நீங்கள் மனம் நோக வேண்டியதில்லை, ஸெய்னுதீன். ஆனாலும் நொந்துதான் வந்திருக்கிறீர்கள். அந்தக் கதிரையில் இருங்கள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. என் மனைவி குணேஸ்வரி தாயைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

நீங்கள் சொன்னதிலிருந்து நடந்தது எனக்கு விளங்குகிறது. யாரோ ஒரு வெளிநாட்டுக் குத்துச்சண்டைச் சம்பியனைப் பற்றிப் பேப்பரில் வந்திருக்கிறது. பட்டம் எடுத்த புதிதில் அவன் குத்தி விழுத்தியவர்கள் தரமானவர்களா, தேடிப் பிடித்துக் கொண்டுவந்த சோடைகளா என்று விவாதம். அது சுற்றிச் சுழன்று எங்கள் ஆனந்தராசாவில் வந்து நின்றிருக்கிறது. துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கும் பாக்கியரத்தினம்தான் தொடக்கியிருப்பான். “முதலாவது ஆள் முகாமில கஞ்சி குடிச்சுக் கிடந்த அகதி. ரெண்டாவது ஆள் புல்மோட்டையில மணல் அள்ளினவன். மூண்டாவது ஆள் றிங்குக்குள்ள நிண்டபடி நித்திரை கொண்டவன். உவங்களை வெண்டவன் என்ன சம்பியன்?” என்று அவன் கேட்க, மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். அந்த மூன்றாவது ஆளின் அண்ணன், அவன் காக்கா என்று கூப்பிட்டவர், கழுத்தில் துணியோடு பக்கத்துக் கதிரையில் இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

பாதிச் சவரத்தில் எழும்பி வந்திருக்கிறீர்கள். வலது கன்னத்தில் சவர்க்காரம் காய்ந்துபோய் இருக்கிறது. துடையுங்கள்.

வாசலில் நின்று நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “றிங்குக்குப் பக்கத்தில இருந்தவர் நீங்கதான் டொக்டர். என்ட தம்பி சோடையா?” இல்லை என்று ஒரு சொல்லைச் சொல்லி உங்களை அனுப்பிவிடலாம். அது உங்களுக்கும் காணாது, எனக்கும் காணாது. ஆகவே முழுவதையும் சொல்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில், நான் டொக்டர் இல்லை. டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக் கொடுத்தவன். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு டொக்டர் கொழும்புக்குப் போனார், அங்கிருந்து கனடாவுக்குப் போனார். டிஸ்பென்சரியைத் தொடர்ந்து திறந்து வைத்திருந்தவன் நான். காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் வெடிக்காயத்துக்கும் சனம் என்னிடம்தான் வந்தது. டொக்டர் என்று கூப்பிட்டார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் அவர்கள் போவதற்கு வேறு இடமும் இருக்கவில்லை.

ஆனந்தராசா என் மனைவியின் கடைசித் தம்பி. அவனுக்கு மூத்தவன் இராசதுரை. தொண்ணூறாம் ஆண்டு, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இராசதுரையை ஒரு சந்தியில் பஸ்ஸிலிருந்து இறக்கி, வேறொரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் தெரியும். அவர்களுடைய தாய், என் மாமி அன்னலட்சுமி, ஆமி முகாம் முகாமாக அலைந்தார். பிறகு அலைவதை நிறுத்தினார். பிறகு சாப்பிடுவதையும் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். கோப்பையில் போட்டுக் கொடுத்த சோற்றைக் குழைத்துக் குழைத்து அப்படியே வைத்துவிடுவார். அந்த வீட்டுக்குள் இருக்க ஏலாமல்தான் ஆனந்தராசா குத்துச்சண்டைக்குப் போனான்.

துறைமுகத்தில் குத்துச்சண்டை எவ்வளவு காலமாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வெள்ளைக்காரனின் கப்பல் தளத்தில் வேலை செய்தவர்கள் அவனிடம் பழகியது. அவன் போகும்போது விட்டுவிட்டுப் போன பித்தளைத் தகடு அடித்த தோல் பெல்ட்தான் துறைமுகப் பட்டம். நாட்டில் சண்டை தொடங்கிய பிறகு எல்லாம் படுத்துவிட்டது. பிறகு ஆமி முகாமுக்கு ஓர் அதிகாரி வந்தார். படிக்கிற காலத்தில் குத்துச்சண்டை செய்தவராம். கப்பல் அணைகிற யெட்டிக்குப் பக்கத்திலிருந்த பழைய சரக்குக் கொட்டிலைத் துப்புரவாக்கி, கயிறு கட்டி, போட்டிகளைத் திரும்பத் தொடக்கினார். ஊர் வழமைக்குத் திரும்பிவிட்டது என்று காட்டுவதற்கு அவருக்கு அது தேவைப்பட்டது. அங்கே மருந்துப் பெட்டியோடு இருக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டார். போனேன்.

பட்டம் வைத்திருக்கிறவனை அந்த அதிகாரி தன் ஆளைப் போல நடத்தினார். முகாமில் ஒரு பாஸ் கொடுத்தார். ஆட்களைப் பிடிக்கச் சுற்றிவளைப்பு நடந்தால், வெயிலில் முழங்காலில் இருக்கிற வரிசையிலிருந்து சம்பியனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதை நான் கண்ணால் கண்டேன். அப்போது பட்டம் திரியாய் தம்பிராசாவிடம் இருந்தது. பாக்கியரத்தினம் சொல்கிற அந்த அகதி. ஊர் எரிந்தபின் பெண்சாதி பிள்ளைகளோடு அகதி முகாமில் இருந்தவர். கஞ்சி குடித்தார் என்பதும் உண்மைதான். ஆனால் தம்பிராசாவின் இடக்கையைப் பாக்கியரத்தினம் காணவில்லை. கரைவலை இழுத்த கை. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க முன்னம் வந்துவிடும்.

ஆனந்தராசாவைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். கால் வேலை நல்லாய் இருக்கும். பார்க்க வடிவாய் இருப்பான். ஆனால் கையில் பாரம் இல்லை. முகத்துக்கு அடி வருகிறது என்றால் கண்ணை மூடிக்கொள்வான். கண்ணை மூடுகிறவனைக் குத்துச்சண்டைக்காரன் என்று சொல்ல ஏலாது. அது பழக்கத்தால் மாறுகிற குறை இல்லை.

அந்த வருடம் அவனுடைய வயதுப் பொடியன்களைத்தான் கூடுதலாகப் பிடித்தார்கள். பக்கத்து வீட்டில் ஒருவன், பின்வளவில் இருவர். அவன் வெளியே போய்த் திரும்பும் வரைக்கும் மாமி வாசல் படலையடியில் நிற்பார். நான் யோசித்தேன். இந்த ஊரில் ஓர் ஆண்பிள்ளையைக் காப்பாற்றுகிற பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது ஒருவரின் இடுப்பில்தான் இருக்கலாம். அப்படியென்றால் அது எங்கள் வீட்டில் இருக்கட்டும். இதில் எங்கே பிழை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

சண்டைக்கு முன்னும் றவுண்டுகளுக்கு இடையிலும் இரண்டு பேருக்கும் எலுமிச்சம்பழமும் குளுக்கோசும் கலந்த தண்ணி கொடுப்பது என் வேலை. இரண்டு போத்தல்கள். தம்பிராசாவின் போத்தலில் கொஞ்சம் நித்திரை மருந்து சேர்த்தேன். கொஞ்சம்தான். விழுத்துகிற அளவு இல்லை, ஆளைச் சற்றுத் தாமதப்படுத்துகிற அளவு. அந்த இடக்கை அன்றைக்கு எல்லோருக்கும் தெரியும்படி வந்தது. ஆனந்தராசா விலகினான். கடைசி றவுண்டில் தம்பிராசா கயிற்றில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். என்னில் சந்தேகப்பட்டு அல்ல. தண்ணி வேண்டும் என்று பார்த்தார்.

அன்றைக்கு என் மாமி சோறு கேட்டுச் சாப்பிட்டார். கேட்டுச் சாப்பிட்டார் என்பதைக் கவனியுங்கள். குணேஸ்வரி குசினிக்குள் நின்று அழுதாள். நான் பெல்ட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த சுற்றிவளைப்பில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதையும் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தினார்கள். “ஆனந்தராசா, சம்பியன், எழும்பி வா” என்று கூப்பிட்டார்கள். அவன் எழும்பி, உடுப்பில் மண்ணைத் தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தான். அதே நாள் தம்பிராசா அகதி முகாமில் வரிசையில் இருந்திருக்கிறார். இந்த முறை அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. அடித்து விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு குடும்பத்தோடு படகேறி இந்தியாவுக்கு வெளிக்கிட்டார். போய்ச் சேர்ந்தாரா என்று தெரியாது. அந்த மாதம் கடல் நல்லாய் இருக்கவில்லை.

இரண்டாவது ஆள் புல்மோட்டை முஹம்மது தம்பி. மணல் அள்ளினவன்தான். கனிய மணல் எவ்வளவு பாரம் என்று பாக்கியரத்தினம் ஒரு சாக்குத் தூக்கிப் பார்த்தால் தெரியும். அவனுடைய தோள் இரண்டும் எருதின் திமிலைப் போல இருந்தன. அன்றைக்கு நான் அளவில் பிழை விட்டுவிட்டேன். முதல் றவுண்டில் அவன் அடித்த அடியில் ஆனந்தராசாவின் இடது கண் மூடிப்போனது. சனம் எழும்பி நின்றது. இடைவேளையில் போய் முஹம்மது தம்பிக்கு நானே போத்தலைப் பிடித்துப் பருக்கினேன். “கசக்குது டொக்டர்” என்றான். எலுமிச்சங்கொட்டை என்றேன். மூன்றாவது றவுண்டில் அவன் தானாகக் கீழே இருந்துவிட்டான். அடிபட்டு விழவில்லை, நடந்து களைத்தவன் கல்லில் இருக்கிற மாதிரி இருந்தான். பிறகு சத்தி எடுத்தான். வாயைத் துடைத்துவிட்டேன். நல்ல பிள்ளை. எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனான். வெட்கத்தில் அதற்குப் பிறகு றிங்குக்கு வரவில்லை என்று கேள்வி.

சோடைக் கதை அப்போதுதான் தொடங்கியது. முதலாவதும் சோடை, இரண்டாவதும் சோடை, பார்த்துப் பார்த்துப் பிடிக்கிறார்கள் என்று சலூனில் கதைத்தார்கள். ஆனந்தராசாவின் காதிலும் விழுந்தது. அவன் சிரித்தான். தன் கையில் பாரம் வந்துவிட்டது என்று அவன் நம்பத் தொடங்கியிருந்தான். கண்ணாடிக்கு முன்னால் நின்று குத்துவான். வீட்டில் ஒருவர் சந்தோசமாக இருக்கிறார் என்றால் அதைக் கெடுப்பது என் குணம் இல்லை.

கதையை அடக்க வேண்டும், உண்மையான ஓர் ஆளைக் கொண்டுவாருங்கள் என்று அந்த அதிகாரியிடம் கேட்டவன் ஆனந்தராசாவேதான். அப்படித்தான் கிண்ணியாவிலிருந்து உங்கள் தம்பி கலீலுர் றஹ்மான் வந்தான்.

போட்டிக்கு முன் பரிசோதனைக்கு டிஸ்பென்சரிக்கு வந்தான். சேட்டைக் கழற்றிவிட்டு மர வாங்கில் இருந்தான். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டேன். அப்படி ஒரு நெஞ்சை நான் கேட்டதில்லை, ஸெய்னுதீன். அவசரமே இல்லாமல், ஆழமாக, ஒரே சீராக அடித்தது. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. அதைக் கேட்டபோதே இவனுக்கு இரண்டு மடங்கு வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று நீங்கள் வரவில்லை. உங்கள் மனைவி றுக்கியாவுக்குப் பெண்பிள்ளை பிறந்திருந்தது. வந்திருந்தால் ஓர் அதிசயத்தைக் கண்டிருப்பீர்கள். இரண்டு மடங்கு குடித்தவன் முதல் றவுண்டை நல்லாய்ச் செய்தான். இரண்டாவதில் கை இறங்கியது. தானே தூக்கிக்கொண்டான். மூன்றாவதில் கண் செருகியது. கால் இரண்டையும் அகட்டி வைத்து, கையை முகத்துக்கு முன்னால் கட்டிக்கொண்டு, அப்படியே நின்றான். ஆனந்தராசா சுற்றிச் சுற்றி அடித்தான். எல்லாம் முழங்கையிலும் தோளிலும் பட்டது. சனம் சிரித்தது. படுக்கப் பாய் கொண்டு வாங்கோ என்று யாரோ சொன்னார்கள். கடைசி மணி அடிக்கும்வரைக்கும் உங்கள் தம்பி விழவில்லை. புள்ளிக் கணக்கில்தான் தோற்றான். அவ்வளவு மருந்தோடு ஒரு மனிதன் நிற்க ஏலாது. படித்த டொக்டர்மாரைக் கேட்டாலும் ஏலாது என்றுதான் சொல்வார்கள். அவன் நின்றான். எனக்கு உண்மையில் கோபம் வந்தது.

இதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். அவன் சோடை இல்லை. ஆனந்தராசாவோடு மோதியவர்களில் அவன்தான் முதல் தரம்.

மிச்சமும் உங்களுக்குத் தெரிந்ததுதான். பொழுது சாய்கிற நேரம் டிஸ்பென்சரிக்கு வந்தான். பிறகு உங்கள் வீட்டுக்கு வர வெளிக்கிட்டான். வழியில் ஆமியின் காவல் சென்றியில் நிற்கச் சொல்லிக் கத்தியிருக்கிறார்கள். அவன் நிற்கவில்லை. சுட்டார்கள். நில் என்று சொல்லியும் நிற்காதவன் என்று விசாரணையில் எழுதினார்கள். அதுவும் பொய் இல்லை. அவனுக்கு அது கேட்டிருக்காது.

நான் அவனுடைய மய்யித்து கிடத்தியிருந்த உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கிண்ணியாவிலிருந்து வந்த உங்கள் உம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு கிடந்தார். ஏதாவது கொடுங்கள் டொக்டர் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். கொடுத்தேன். நல்லாய் நித்திரை கொண்டார். நீங்கள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னீர்கள்.

ஆனந்தராசாவின் முடிவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அவனை வெறுத்துவிடக் கூடாது. அவனுக்கு இன்றைக்கு வரைக்கும் ஒன்றும் தெரியாது. இருக்கிறானோ இல்லையோ, இருந்தால் தெரியாது. மூன்று பேரை வென்ற பிறகு அவன் தெற்கிலிருந்து வந்த ஒரு சிப்பாயோடு மோத ஒத்துக்கொண்டான். வேண்டாம் என்றேன். “ஏன் அத்தான், என்னில நம்பிக்கை இல்லையோ?” என்று கேட்டான். அந்தச் சிப்பாய்க்குத் தண்ணி கொடுக்க அவர்களுடைய ஆள் வந்திருந்தான். என்னை மூலையில் இருத்திவிட்டார்கள். முதல் அடி வரும்போதே ஆனந்தராசா கண்ணை மூடினான். அவன் உண்மையான அடி வாங்கிப் பழகாதவன். அந்தப் பழக்கம் வர நான் விடவில்லை. ஒரு றவுண்டும் முடியவில்லை. பெல்ட் தெற்கே போனது.

அந்த அதிகாரிக்கும் அதோடு குத்துச்சண்டையில் ஆசை விட்டுப்போயிற்று. அடுத்த சுற்றிவளைப்பில் எங்கள் ஒழுங்கையைத் திரும்பவும் மைதானத்தில் இருத்தினார்கள். நானும் இருந்தேன், அவனும் இருந்தான். கூப்பிடுவார்கள் என்று அவன் தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தான். தலையை நிமிர்த்தாமல் இருந்திருந்தால் ஒருவேளை கண்ணில் பட்டிருக்க மாட்டான். வாகனத்தில் ஏற்றினார்கள். நான் முன்னே போய், இவன்தான் சம்பியன் என்றேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். “இப்ப இல்லையே” என்று ஒருவன் தமிழில் சொன்னான்.

மாமி இப்போது ஒருவேளைதான் சாப்பிடுகிறார், அதுவும் குணேஸ்வரி ஊட்டினால். படலையடியில் நிற்பதை விட்டுவிட்டார்.

இப்போது நீங்கள் ஒன்று கேட்கிறீர்கள்.

“எங்கட ஊட்டுக்குப் பெரிய தெருவாலதானே வரணும். அவன் ஏன் கடற்கரை ஒழுங்கையால வந்தான்?”

இரண்டு வருடமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் போல. எதிர்பார்த்தேன். சொல்லாமல் விடலாம் என்றும் இருந்தேன்.

அன்று அவன் டிஸ்பென்சரிக்கு வந்தது காயத்துக்கு மருந்து கட்ட அல்ல. அவனில் காயம் இருக்கவில்லை. “இஞ்ச கொஞ்சம் சரிஞ்சு கிடக்கட்டா டொக்டர்” என்று கேட்டான். “தலை சுத்துது. இது அடியால வந்ததில்ல. அவன்ட அடி ஒண்டும் எனக்கு விழல்ல.” வாங்கைப் பார்த்தான். நோயாளிகள் படுக்கிற வாங்கு, வெறுமையாகத்தான் இருந்தது. அது களைப்பு, வீட்டுக்குப் போய்ப் படுங்கோ தம்பி என்றேன். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணைத் திறந்து வைத்திருக்க எவ்வளவு கஷ்டப்பட்டான் என்று பார்க்கத் தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னான்.

“தண்ணி கசந்திச்சு டொக்டர். புல்மோட்டை முஹம்மது தம்பியும் கசந்திச்சு எண்டுதான் சொன்னவன்.”

கோபப்பட்டுச் சொல்லவில்லை. ஒரு கணக்கு ஏன் சரிவரவில்லை என்று கேட்கிறவனைப் போலச் சொன்னான். நாளைக்கு நித்திரை தெளிந்து எழும்புவான், உங்களிடம் சொல்வான். புல்மோட்டைக்கு ஆள் அனுப்புவீர்கள். தமிழன் முஸ்லிமுக்கு மருந்து கொடுத்தான் என்று கதை போகும். தொண்ணூறுக்குப் பிறகு எங்கள் இரண்டு பகுதியும் எந்த நிலையில் இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீடுகள் எரியும். எங்கள் பக்கத்திலும் எரியும், உங்கள் பக்கத்திலும் எரியும். பெல்ட் போய்விடும். ஆனந்தராசா வரிசைக்குப் போவான். இவ்வளவையும் நான் அந்த வாசலில் நின்றபடி யோசித்து முடித்தேன்.

“எங்க தம்பி போறியள்?” என்று கேட்டேன்.

“காக்காட மகளைப் பார்க்கப் போகணும்” என்றான். “இன்னும் பார்க்கல்ல.”

அப்படியென்றால் பெரிய தெருவால் போகாதேங்கோ, இந்த நேரத்தில் மறித்து வைத்துவிடுவார்கள், கடற்கரை ஒழுங்கையால் போங்கோ, கிட்ட என்று சொன்னேன். ஒழுங்கை முகப்பு மட்டும் கூடவே போய், பாதையைக் கையால் காட்டிவிட்டேன். அங்கே புதிதாக ஒரு சென்றி போட்டிருந்தார்கள். யாரோ அதற்குக் குண்டு எறிந்திருந்தபடியால் அங்கே நின்ற சிப்பாய்ப் பொடியன்கள் பயந்துபோய் இருந்தார்கள். ஒருமுறைதான் கத்துவார்கள். அது எனக்குத் தெரியும். முதல் நாள் அந்த இடத்தில் வெடிபட்டவருக்கு நான்தான் மருந்து கட்டினேன். தெளிந்த தலையோடு போகிறவன் நிற்பான், கையைத் தூக்குவான், தப்பிவிடுவான். உங்கள் தம்பி தப்ப மாட்டான் என்றும் எனக்குத் தெரியும்.

நான் சுடவில்லை. ஆனால் அவனைக் கொன்றது நான்தான். அந்தச் சொல்லை நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன்.

டிஸ்பென்சரிக்குத் திரும்பி வந்து, மருந்துப் போத்தல்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது.

நீங்கள் எழும்பிவிட்டீர்கள். இருங்கள், இன்னும் கொஞ்சம்தான். இதை யாரிடம் கொண்டுபோவீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பொலிசுக்குப் போனால், சுட்டது யார் என்ற கேள்வியைத் திரும்பத் தோண்ட அவர்களுக்கு விருப்பம் வராது. உங்கள் ஆட்களிடம் சொன்னால், விடிவதற்குள் உங்கள் ஒழுங்கையும் எங்கள் ஒழுங்கையும் இருக்காது. அந்தப் பெண்பிள்ளைக்கு இப்போது இரண்டு வயது. ஆகவே சொல்ல மாட்டீர்கள். இதை உங்களை மிரட்டச் சொல்லவில்லை. இந்த ஊரில் ஓர் உண்மை தெரிந்து ஒருவருக்கும் ஒன்றும் ஆகப் போவதில்லை என்பதைத்தான் சொல்கிறேன். உங்களுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது.

பிறகு ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். கலீலுர் றஹ்மானின் பெயருக்காகத்தான். செத்தவனைச் சோடை என்று சொல்லிச் சிரிப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள ஏலவில்லை. பாக்கியரத்தினம் அந்தக் கதையை எடுக்கும்போதெல்லாம் நானும் சலூனில் இருந்திருக்கிறேன். தம்பிராசாவைப் போல ஓர் இடக்கை, முஹம்மது தம்பியைப் போல ஒரு தோள், உங்கள் தம்பியைப் போல ஒரு நெஞ்சு, இவை இந்தத் துறைமுகத்துக்கு இனி வராது. அவர்களைச் சோடை என்று சொன்னால் பிறகு நான் செய்தது என்ன? வைக்கோல் பொம்மையை விழுத்த யாராலும் ஏலும்.

ஆனந்தராசா அவர்களில் ஒருவரையும் வெல்லவில்லை. மூன்று பேருமே முதல் தரமானவர்கள், மூன்று பேரையும் வென்றவன் நான். இவ்வளவு காலத்தில் ஒருவரும் எனக்குக் கை தட்டவில்லை.